மாட்டுத் தொழுவமும் மூச்சுக் குழலும்

ஒரு புதிருடன் தொடங்குவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆமிஷ், ஹட்டரைட் என்னும் இரண்டு கிறிஸ்தவச் சமூகத்தினர் வாழ்கின்றனர். ஆமிஷ் மக்களின் முன்னோர்கள் 18-ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஹட்டரைட்டுகளின் முன்னோர்கள் ஆல்ப்ஸ் மலையிலுள்ள டைரோல் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ருஷ்யா சென்று, அங்கிருந்து 1870-களில் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். இரு சாராரும் தங்கள் சமூகத்துக்குள்ளேயே மணம் செய்துகொள்கின்றனர். இவர்களுடைய பாரம்பரியப் பண்புகளைத் தாங்கிய ஜீன்களை ஆராய்ந்தபோது, இரு சாராரும் நெருங்கிய உறவினர் போன்றவர்களே என்பது தெரியவந்தது.

வாழ்க்கை முறையிலும் எத்தனையோ ஒற்றுமைகள். இரு சாராருக்கும் உழவே தொழில். இரு சாராரின் குடும்பங்களிலும் குழந்தைகள் அதிகம். தாய்மார்கள் நீண்ட நாள் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். உணவு ஏறத்தாழ ஒரே வகைதான். புகைப்பழக்கம் அபூர்வம். வீட்டுக்குள் நாய், பூனை வளர்ப்பதில்லை. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வதும் இரு பக்கமும் வழக்கத்தில் உள்ளது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய வேற்றுமை. ஹட்டரைட் பள்ளிச் சிறுவர்களில் 100-க்குச் சுமார் 21 பேருக்கு ஆஸ்துமா உண்டு. ஆமிஷ் சிறுவர்களிலோ 100-க்கு 5 பேருக்குத்தான்! ஒரே இரத்தம், ஒரே தொழில், ஒரே வகை உணவு. அப்படியிருக்க நான்கு மடங்கு வேற்றுமை எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண, முதலில் ஆஸ்துமாவைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

காவலர்கள் செய்யும் தவறு

நாம் உள்ளிழுக்கும் காற்று மூச்சுக் குழல் வழியாகச் சென்று, மரக்கிளைகள்போல் பிரியும் சிறு குழல்களைக் கடந்து, நுரையீரலின் நுண்ணறைகளை அடைகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தச் சிறு குழல்களின் உட்சுவர் வீங்கியிருக்கும். ஏதேனும் ஒரு தூண்டுதல் ஏற்பட்டதும் குழல்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. உள்ளே கோழையும் சுரக்கிறது. காற்றுப் பாதை ஊசித் துளைபோல் ஒடுங்கிவிடுகிறது. மூச்சை வெளியே விடுவதற்கே பெரும்பாடு. நெஞ்சில் விசில் போன்ற ஓசை கேட்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2019-ஆம் ஆண்டில் 26 கோடியே 20 லட்சம் மக்கள் இந்நோயால் துன்புற்றனர். 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். எனவே இது அலட்சியம் செய்யக்கூடிய நோயன்று.

தூண்டுதல் எது? பலருக்கு அது பூக்களின் மகரந்தம். சிலருக்குப் படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள். இன்னும் சிலருக்குப் பூனையின் தோல்துகள். இவை எவையும் நோய்க்கிருமிகள் அல்ல. நமக்கு எவ்விதக் கெடுதலும் செய்யாதவை. ஆயினும் உடலின் தற்காப்புப் படை இவற்றைப் பகைவர் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. இதையே ஒவ்வாமை அல்லது அலர்ஜி என்கிறோம். வீதியில் போகும் தபால்காரரைத் திருடன் என்று நினைத்து, ஊரையே எழுப்பிவிடும் காவல்காரனைப் போன்றது இது. இந்தச் சண்டையில் முன்னிற்கும் ஒரு வகை வெள்ளை அணுவுக்கு ஈசினோபில் என்று பெயர். மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனையில் இதன் எண்ணிக்கையைப் பார்ப்பது இதனால்தான்.

அப்படியானால் முக்கியமான கேள்வி இது: காவல்காரனுக்குத் தபால்காரர் யார், திருடன் யார் என்று கற்றுக்கொடுப்பது யார்? எப்போது?

மான்செஸ்டர் மருத்துவரின் வியப்பு

இக்கேள்விக்கான முதல் குறிப்பு 1873-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவரைக் கோடைதோறும் ஓயாத தும்மலும் மூக்கொழுகலும் வாட்டின. வைக்கோலுக்காகப் புல் அறுக்கும் பருவத்தில் வருவதால் இதை 'வைக்கோல் காய்ச்சல்' என்று அழைத்தார்கள். உண்மையில் இது காய்ச்சலும் அன்று, வைக்கோலால் வருவதும் அன்று. பிளாக்லி தம் உடலையே சோதனைச் சாலையாக்கிப் பல பரிசோதனைகள் செய்து, இதற்குக் காரணம் புல்லின் மகரந்தமே என்று நிரூபித்தார்.

அப்போது அவருக்கு ஒரு வியப்பு ஏற்பட்டது. மகரந்தத்தின் நடுவிலேயே நாளெல்லாம் வேலை செய்பவர்கள் உழவர்கள்தாம். அப்படியானால் அவர்களுக்குத்தானே இந்நோய் மிகுதியாக வரவேண்டும்? ஆனால் வைக்கோல் காய்ச்சல் கண்ட உழவரைக் காண்பதே அரிதாக இருந்தது! படித்தவர்களும் நகரவாசிகளுமே இதனால் அவதிப்பட்டனர்.

இந்தக் குறிப்பு நூறாண்டுகளுக்கு மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1989-இல் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். பிரிட்டனில் 1958 மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் வாழ்க்கைக் குறிப்புகளை அவர் ஆராய்ந்தார். மூத்த அண்ணன், அக்காமார் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வைக்கோல் காய்ச்சல் குறைவாக இருந்தது. மூத்த பிள்ளைகள் வெளியிலிருந்து கொண்டுவரும் தொற்றுகள் இளைய குழந்தையை ஒவ்வாமையிலிருந்து காக்கின்றன போலும் என்று அவர் கருதினார். இதற்குச் 'சுகாதாரக் கருதுகோள்' என்று பெயர் வந்தது. கருதுகோள் என்றால் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை அன்று. சோதித்துப் பார்க்க வேண்டிய ஊகம்.

சுவர் இடிந்தபின்

அதே 1989-ஆம் ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் திறக்கப்பட்டது. இரண்டாகப் பிரிந்திருந்த ஜெர்மனி 1990-இல் ஒன்றாயிற்று. மியூனிக் நகரின் குழந்தை மருத்துவர் எரிக்கா ஃபான் முட்டியஸ் அம்மையார் இதை ஒரு நல்ல வாய்ப்பாகக் கண்டார். இரு பகுதி மக்களும் ஒரே இனத்தவர். ஒரே மொழி பேசுபவர். ஆனால் கிழக்கே லைப்சிக் போன்ற நகரங்களில் நிலக்கரிப் புகை வானத்தை மறைத்துக் கொண்டிருந்தது. மேற்கே மியூனிக்கில் காற்று அதைவிட எவ்வளவோ தூய்மை. ஆகவே ஆஸ்துமா கிழக்கில்தான் மிகுதியாக இருக்கும் என்று எல்லோரையும்போல் அவரும் எதிர்பார்த்தார்.

முடிவு தலைகீழாக இருந்தது. புகை மண்டிய கிழக்கில் இருமலும் மார்புச்சளியும் அதிகம் இருந்தது உண்மைதான். ஆனால் ஆஸ்துமாவும் வைக்கோல் காய்ச்சலும் தூய்மையான மேற்கு நகரில்தான் அதிகமாக இருந்தன. புகை நுரையீரலைக் கெடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வாமைக்கு வேர் வேறெங்கோ இருக்கிறது என்பது இதனால் விளங்கிற்று.

அந்த வேரைத் தேடி விஞ்ஞானிகள் ஆல்ப்ஸ் மலைச் சாரலின் கிராமங்களுக்குச் சென்றனர். அங்கே வீடும் மாட்டுத் தொழுவமும் ஒரே கூரையின் கீழ் இருப்பது வழக்கம். 2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரியா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. முதல் வயது நிறைவதற்குள்ளேயே தொழுவத்தில் பழகி, பண்ணைப் பாலும் பருகிய குழந்தைகளில் ஆஸ்துமா கண்டவர்கள் 100-க்கு 1 பேரே. ஒரு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் இவற்றோடு பழகத் தொடங்கியவர்களில் 100-க்கு 11 பேர். ஆகவே தொழுவம் மட்டுமல்ல, அதில் பழகத் தொடங்கும் வயதும் முக்கியம்! தாய் கருவுற்றிருக்கும்போது தொழுவத்தில் வேலை செய்வதும் குழந்தையின் தற்காப்பு ஆற்றலில் அடையாளம் பதிக்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

தொழுவத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? 2002-இல் குழந்தைகளின் மெத்தைத் தூசியை ஆராய்ந்தபோது ஒரு பொருள் கண்ணில் பட்டது. மாட்டின் குடலிலும் சாணத்திலும் வாழும் சிலவகைப் பாக்டீரியாக்களின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற பொருள் இருக்கிறது. பாக்டீரியா செத்து உலர்ந்து தூசியாகப் பறந்தாலும் இப்பொருள் அழிவதில்லை. மெத்தைத் தூசியில் இது எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு ஒவ்வாமையால் வரும் ஆஸ்துமாவும் வைக்கோல் காய்ச்சலும் குறைவாக இருந்தன. 2011-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, பண்ணை வீட்டுத் தூசியில் பலவகை நுண்ணுயிர்கள் கலந்திருப்பதே முக்கியம் என்றது. வகைகள் பெருகப் பெருக ஆஸ்துமா குறைந்தது.

இரண்டு வீடுகளின் தூசி

இனி நம் புதிருக்குத் திரும்புவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கேரல் ஓபர், அரிசோனா பல்கலைக்கழகத்தின் டொனாட்டா வெர்ச்செல்லி, முன்பு கண்ட ஃபான் முட்டியஸ் முதலியோர் கூடி 2016-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டனர். இந்தியானா மாநிலத்து ஆமிஷ் பள்ளிச் சிறுவர்கள் 30 பேர், தெற்கு டகோட்டா மாநிலத்து ஹட்டரைட் சிறுவர்கள் 30 பேர் இதில் பங்கு பெற்றனர். எல்லோரும் 7 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்கள்.

இரு சாராரும் உழவர்களே. ஆனால் உழவு செய்யும் முறை வேறு. ஆமிஷ் குடும்பம் ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு பால்பண்ணை வைத்திருக்கிறது. டிராக்டருக்குப் பதில் குதிரையைக் கட்டி உழுகிறார்கள். குதிரை வண்டியில்தான் பயணம். தொழுவம் வீட்டையொட்டியே இருக்கிறது. தவழும் குழந்தைகூட அங்கே போய்வருகிறது. சிறுவர்கள் வெறுங்காலுடன் அங்கே விளையாடுகிறார்கள். ஹட்டரைட்டுகளோ பல குடும்பங்கள் ஒரே குடியிருப்பில் கூடி வாழ்ந்து, பெரிய இயந்திரங்களைக் கொண்டு பொதுப் பண்ணை நடத்துகிறார்கள். மாட்டுக் கொட்டகைகள் வீடுகளுக்குத் தொலைவில் உள்ளன. சிறு குழந்தைகள் அங்கே போவதில்லை.

வீட்டுத் தூசியைச் சேகரித்துச் சோதித்தார்கள். ஆமிஷ் வீடுகளின் தூசியில் எண்டோடாக்சின் 6.8 மடங்கு அதிகமாக இருந்தது. 30 ஹட்டரைட் சிறுவர்களில் 6 பேருக்கு ஆஸ்துமா. 30 ஆமிஷ் சிறுவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆமிஷ் சிறுவர்களின் இரத்தத்தில், ஒவ்வாமைச் சண்டையில் முன்னிற்கும் ஈசினோபில்கள் குறைவாகவும், கிருமிகளை முதலில் சென்று தாக்கும் நியூட்ரோபில்கள் அதிகமாகவும் இருந்தன.

சுண்டெலிகளின் சாட்சியம்

இங்கே நீங்கள் ஒரு தடை எழுப்பலாம். இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடுமா? சேவல் கூவுவதாலா பொழுது விடிகிறது? சரியான கேள்விதான். விஞ்ஞானிகளும் இதையே தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதனால் சோதனைச் சாலைச் சுண்டெலிகளை நாடினார்கள்.

முட்டை வெண்கருவிலுள்ள ஒரு புரதத்தைக் கொண்டு சுண்டெலிகளுக்கு ஆஸ்துமா போன்ற நிலையை உண்டாக்க முடியும். அவ்வாறு செய்யும்போதே ஒரு பிரிவுச் சுண்டெலிகளின் மூக்கில் ஆமிஷ் வீட்டுத் தூசியின் சாற்றையும், மற்றொரு பிரிவுக்கு ஹட்டரைட் வீட்டுத் தூசியின் சாற்றையும் நான்கைந்து வாரங்களுக்குச் சிறிது சிறிதாக இட்டுவந்தனர். ஆமிஷ் தூசி பெற்றவற்றின் மூச்சுக் குழல்கள் இறுகவில்லை. ஹட்டரைட் தூசி பெற்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை. அடுத்து, நுண்ணுயிர்ப் பொருள்களை அடையாளம் கண்டு செய்தி அனுப்பும் ஆற்றலைப் பறித்துவிட்ட தனிவகைச் சுண்டெலிகளில் இதே சோதனையைச் செய்தனர். அவற்றில் ஆமிஷ் தூசியும் பயன்படவில்லை! ஆகவே தூசி வெறுமனே குழலில் படிந்து காப்பதில்லை. உடலின் தற்காப்புப் படைக்கு ஏதோ பாடம் சொல்லித்தான் காக்கிறது.

அந்தப் பாடத்தின் ஒரு பகுதியைப் பெல்ஜியம் நாட்டு கெண்ட் நகர விஞ்ஞானிகள் 2015-லேயே கண்டறிந்திருந்தனர். நுரையீரலின் உட்சுவரிலுள்ள செல்களே முதல் காவலர்கள். தூசி உண்ணியின் துகள் பட்டதும் இவை அபாயச் சங்கு ஊதிப் படையை அழைக்கின்றன. ஆனால் சிறிதளவு எண்டோடாக்சின் அடிக்கடி பட்டுப் பழகிய செல்களில் ஏ-20 என்ற புரதம் உண்டாகிறது. இப்புரதம் அபாயச் சங்கின் ஓசையைத் தணித்துவிடுகிறது. நுரையீரல் செல்களில் ஏ-20 இல்லாத சுண்டெலிகளைப் பண்ணைத் தூசி காப்பாற்றவில்லை.

தொழுவத்தருகே வளரும் குழந்தையின் காவல்காரனுக்குத் தினமும் ஆயிரம் தபால்காரர்களைப் பார்த்துப் பழக்கம். அவன் எளிதில் பதறுவதில்லை. யாரையுமே பாராமல் வளர்ந்த காவல்காரன் நிழலைக் கண்டாலும் கூச்சல் போடுகிறான். நம் கதையின் சாரம் இதுவே.

தவறாகப் பொருள் கொள்ள வேண்டாம்

"அப்படியானால் அழுக்கே ஆரோக்கியம், சோப்பை வீசிவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

முதலாவதாக, நன்மை செய்தவை நோய்க்கிருமிகள் அல்ல. மனிதனுடன் காலங்காலமாக வாழ்ந்துவந்த, தீங்கற்ற நுண்ணுயிர்கள். லண்டன் விஞ்ஞானி கிரஹாம் ரூக் 2003-இல் இவற்றுக்குப் 'பழைய நண்பர்கள்' என்று பெயர் சூட்டினார். காலராவும் டைபாய்டும் நம் நண்பர்கள் அல்ல. உணவுக்கு முன்பும் கழிப்பறைக்குச் சென்று வந்த பின்பும் கை கழுவுவதும், சுத்தமான குடிநீரும் கோடிக்கணக்கான குழந்தைகளின் உயிரைக் காத்திருக்கின்றன. ஆமிஷ், ஹட்டரைட் இரு சாராரும் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களே என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவதாக, பச்சைப் பால். 2011-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், காய்ச்சாத பண்ணைப் பால் பருகியவர்களுக்கு ஆஸ்துமா குறைவாக இருந்தது. காய்ச்சிய பாலில் அப்பலன் தென்படவில்லை. ஆனால் காய்ச்சாத பால் வழியாகக் காசநோயும், புருசெல்லோசிஸ் என்ற காய்ச்சலும், சிறுநீரகத்தைப் பாழாக்கும் கிருமிகளும் பரவக்கூடும். எனவே பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

மூன்றாவதாக, இது வருமுன் காக்கும் வழியைப் பற்றிய ஆராய்ச்சி; வந்த நோய்க்கு மருந்து அன்று. ஆஸ்துமா ஏற்கெனவே உள்ள நண்பரைத் தொழுவத்துக்கு அழைத்துச் சென்றால் அவருக்கு மூச்சுத்திணறல் வரலாம். அவருக்கு வேண்டியது மருத்துவர் எழுதிக் கொடுத்த உறிஞ்சு மருந்தே. பூஞ்சை பிடித்த வைக்கோலின் தூசியை நெடுநாள் சுவாசிக்கும் உழவர்களுக்கு நுரையீரல் நோய் வருவதும் உண்டு.

பண்ணையை நகரத்துக்குக் கொண்டுவரலாமா?

எல்லோரும் மாடு வளர்க்க முடியாது. ஆனால் மாடு தந்த பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? ஃபின்லாந்தில் 2019-இல் வெளிவந்த ஆய்வு ஊக்கம் தருகிறது. பண்ணையில் இல்லாத வீடாயினும், வீட்டுத் தூசியின் நுண்ணுயிர்கள் பண்ணை வீட்டினுடையவற்றை ஒத்திருந்தால், அங்கு வளரும் குழந்தைக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்புக் குறைவாக இருந்தது.

அதே நாட்டில் 2020-இல் இன்னொரு சோதனையின் முடிவு வெளியாயிற்று. நகரத்துக் குழந்தைகள் காப்பகங்கள் சிலவற்றில் வெற்று முற்றத்தின்மேல் காட்டுத் தரையின் மண்ணையும் பாசியையும் புல்லையும் பரப்பினார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் அதில் தோண்டி, செடி நட்டு விளையாடினார்கள். 28 நாட்களில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகைகள் பெருகின. இரத்தத்தில், தற்காப்புப் படையைக் கட்டுக்குள் வைத்திருக்கும் செல்களும் மாற்றம் கண்டன. இதனால் பிற்காலத்தில் ஆஸ்துமா குறையுமா என்பதை ஒரு மாதச் சோதனை சொல்லிவிட முடியாது. அதற்குக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

பண்ணைத் தூசியில் கலந்துள்ள ஆயிரக்கணக்கான பொருள்களில் காக்கும் பொருள்கள் எவை, அவற்றைத் தீங்கின்றி எந்த வயதில் எந்த அளவில் கொடுப்பது என்பவையே இன்று விஞ்ஞானிகள் முன் நிற்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைத்தால், அம்மைக்குத் தடுப்பூசி போடுவதுபோல் ஆஸ்துமாவுக்கும் ஒரு தடுப்பு மருந்து பிறக்கலாம். அம்மைத் தடுப்பூசியின் கதையும் ஒரு மாட்டுப் பண்ணையில்தானே தொடங்கிற்று! பால் கறக்கும் பெண்களுக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற பேச்சைக் காதில் வாங்கி, 1796-இல் அதைச் சோதித்துப் பார்த்தவர் எட்வர்ட் ஜென்னர். உழவருக்கு வைக்கோல் காய்ச்சல் வருவதில்லை என்ற பிளாக்லியின் குறிப்பும் அத்தகைய ஒரு பேச்சுத்தான். அதை முழுவதும் சோதித்து முடிக்கும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது.